தாயில்பட்டிக்காரி கேட்பாள்

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தாயில்பட்டியில் பிறந்து சிவகாசிக்கு வாக்கப்பட்டு வந்தவள் என்பதால் தாயில்பட்டிக்காரி. நானும் இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டு மாடிக்கு அவர்கள் குடிவந்த காலையில் நான் பிரஸ்ஸுக்குக் கிளம்பி வண்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் கல்லை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். வணக்கம் சொல்வாள், அல்லது தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும் என்று விசாரிப்பாள் என நினைத்தேன். "அண்ணாச்சி, தலைக்கு மை போட்டுட்டு மீசைய எதுக்கு விட்டுட்டீக?" என்றாள்.

எனக்குப் பின்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி பாக்கியம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற அவளுடைய வழக்கமான சிரிப்பு இல்லை. கேட்டின் தாழ்ப்பாள் ஆடுகிற அளவுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து அப்போதே சில வருடம் ஆகியிருந்தது. அத்தனை காலத்தில் என்னுடைய எந்தப் பேச்சுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

தாயில்பட்டிக்காரி நல்ல உயரம். எலும்பு அகன்ற உடம்பு. நைட்டி மேல் ஒரு துண்டு, முழங்கை வரை காய்ந்துபோன மாவு. அவளுடைய புருசன் ஒரு பட்டாசு கம்பெனியின் வேன் ஓட்டினார். விடியுமுன் கிளம்பிக் கிராமம் கிராமமாய் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பவும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். பிள்ளை இல்லை. இவள் மாடியில் இட்லி மாவு அரைத்து விற்றாள். சாயங்காலம் ஆனால் தெருப் பெண்கள் எல்லாம் தூக்குவாளியோடு அந்த மாடிப்படியில் நிற்பார்கள்.

அவளுடைய குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அவள் கேட்பாள். அவ்வளவுதான். ஊர்வம்பு கேட்கிறவர்களுக்கு எங்கள் தெருவில் பஞ்சமில்லை. அவர்கள் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் கேட்பார்கள். இவள் ஒருத்தியைப் பற்றி அந்த ஒருத்தியிடமே கேட்பாள். முகத்துக்கு நேராக, மாவை ஊற்றிக்கொண்டே. மருமகளோடு என்ன சண்டை, கழுத்தில் கிடந்த சங்கிலி எங்கே, வயிறு ஏன் உப்பியிருக்கிறது, ராத்திரி அழுதது யார். கேட்டதற்குப் பதில் வரும் வரை மூடியைப் போட்டு வாளியைத் திருப்பித் தர மாட்டாள். வந்த பதில் எதுவும் அந்த மாடியைவிட்டு இறங்கியதில்லை. இதை நான் நல்ல மனதோடு சொல்லவில்லை. எத்தனையோ தடவை அவள் வாயிலிருந்து எதையாவது பிடுங்கிவிட முயன்று தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரு சித்திரை மாதம், பக்கத்துத் தெருவில் ஒரு பையன் பட்டாசு கம்பெனி வெடிவிபத்தில் இறந்துபோனான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. பெட்டியைத் திறக்காமலே கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, பேசவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. ஊரே சுற்றி நின்று, அழுதுவிடும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது. தாயில்பட்டிக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காலையில் அவன் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பழைய சோறு என்றாள். தொட்டுக்கொள்ள என்ன என்றாள் இவள். கருவாடு கேட்டார், நான்தான் நாளைக்கு என்று சொல்லிவிட்டேன் என்று சொன்னவள் அப்படியே இவள் மடியில் விழுந்தாள். வாசலில் ஆண்களோடு நின்றிருந்த எனக்கு அது கேட்டது. ஒரு கேள்வியில் அப்படி ஒரு கதவு திறக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வீடு திரும்பும்போது எனக்கு அவள் மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் பாக்கியமும் அந்த மாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கிரைண்டர் இருந்தது. இருந்தும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மற்றவர்கள் மாவு வாங்கிப் போன பிறகும் இவள் அங்கேயே இருப்பாள். அண்ணி முறை வைத்து இவளை மைனி என்று கூப்பிடுவாள் தாயில்பட்டிக்காரி. காலண்டருக்குத் தகரம் அடிக்கிற சத்தத்தைப் பகல் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். பைண்டிங் செக்‌ஷனில் நான் ஃபோர்மேன். வீடு பூட்டியிருக்கும். மாடியிலிருந்து சிரிப்பு வரும். இரண்டு சிரிப்பில் என் மனைவியினுடையது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதுதான் எனக்கு மிகவும் காந்தியது. இறங்கி வந்தவளிடம் இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று கேட்டால், சும்மாதான் என்பாள்.

ஒருமுறை மாவு வாங்க நானே போனேன். அவள் எப்படித்தான் பேசுகிறாள் என்று பார்த்துவிடலாம் என்று. மாவை ஊற்றிக்கொண்டே, "நீங்க மைனிகிட்டக் கடேசியா எப்பச் சிரிச்சுப் பேசுனீக?" என்றாள். மாவை ஊற்றும்மா என்றேன். ஊற்றிவிட்டு மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மூடி இல்லாமலே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் கடையில் போய் மேசை மேல் வைக்கிற புது கிரைண்டர் ஒன்று வாங்கிவந்தேன். பாக்கியம் சந்தோசமாக அதில் அரைத்தாள். அரைத்ததில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு, நம்ம மாவு எப்படி இருக்குன்னு அவளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

இப்படியே வருடங்கள் போயின. பிறகு ஒரு ஐப்பசியில் பாக்கியம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்க ஆரம்பித்தாள். சாமி விளக்கை என்னை ஏற்றச் சொன்னாள். கட்டிலை விட்டுக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வரவில்லை, முட்டி வலி என்றாள். விடிகாலையிலேயே எழுந்து துணி துவைத்துக் காயப்போட்டுவிடுவாள். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்த்து நான் முடிவுகட்டியது இது: அந்த மாடிக்காரிக்கு அவளைக் கொடுத்தாயிற்று, வீட்டில் எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

நடந்தது வேறு. பாக்கியம் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாதவிலக்கு நின்றுபோய்ப் பல வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்திருந்தது. முதலில் ஒரு சொட்டு, பாவாடையில் ஒரு கறை. பிறகு சில வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். சூட்டினால் என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறாள். மூலமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். போனில் தன் அக்காவிடம் மட்டும் சாடையாகக் கேட்டாளாம். உள்ளே தங்கின பழைய அழுக்கு கழிகிறது, நல்லதுதான், வயது திரும்புகிறது என்று அக்கா சொல்லிவிட்டாள். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற உடம்பு. இதையும் சேர்த்து எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மாவு வாங்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். பழைய வழக்கப்படி பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று வாசலுக்கு வெளியே எட்டி நின்று, நீயே வாளியை எடுத்து ஊற்று என்றிருக்கிறாள். எங்கள் பக்கம் மாதவிலக்கைத் தூரம் என்போம். தாயில்பட்டிக்காரி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "என்ன மைனி, எட்டி நிக்கீக? தூரமா?" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டாகத்தான். இந்த வயதில் யாருக்கு என்று பாக்கியம் சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல் படியிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

அதற்கு மறுநாள் பகலில் வாட்ச்மேன் வந்து என்னைத் தேடி ஒரு பொம்பளை நிற்பதாகச் சொன்னான். டைரி சீசன். கேட்டுக்கு உள்ளே லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. தாயில்பட்டிக்காரி கையில் மாவோடு அப்படியே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, மைனிக்கு ரத்தம் படுது. தெரியுமா ஒங்களுக்கு?"

எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று நினைத்துப் பதறினேன். விழவில்லை, மாசாமாசம் படுமே அது மாதிரி என்றாள். லோடுமேன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைச் சுவரோரம் ஒதுங்கி வரச்சொன்னேன். எவ்வளவு நாளாக, இப்போது எப்படி இருக்கிறாள், இதில் எதுவும் என் வாயில் வரவில்லை.

"ஒங்கிட்டயா சொன்னா?" என்றேன்.

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க கேட்டீகளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்கள் வீட்டு விசயத்தில் நீ யார் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நான் யாருமில்ல அண்ணாச்சி. நாளைக்குக் காலையில மைனிய விருதுநகர்ல ஒரு லேடி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாறீகளா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?"

சீசன் உச்சத்தில் ஃபோர்மேன் லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன், வாங்கினேன். பாக்கியத்துக்கு என்னவோ என்கிற பயத்தில் கேட்டேனா, அந்த 'நான் மட்டும்' என்கிற வார்த்தை பொறுக்காமல் கேட்டேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

டாக்டர் வயதானவர், பொறுமையானவர். பாக்கியத்தை உட்காரவைத்து, மாதவிலக்கு நின்று எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டார். பாக்கியம் யோசித்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் நின்றிருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆனைக்குட்டம் அணை நெறஞ்சு ஷட்டர் தொறந்தாகள்ல டாக்டர், அந்த வருசம்" என்றாள் தாயில்பட்டிக்காரி. "எல்லாரும் வேன் புடிச்சுத் தண்ணி பாக்கப் போயிருக்காக. அன்னைக்குத்தான் கடேசி."

அன்றைக்கு அந்த வேனில் இருந்தவன் நான். தண்ணீர் பார்க்க இறங்கச் சொன்னால் பாக்கியம் இறங்கவில்லை. சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. காராச்சேவு வாங்கிக் கொடுத்தேன், அதையும் வாங்கவில்லை. எதற்கோ கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவள் அந்த வருடம் எங்கள் தெருவிலேயே இல்லை. என் பக்கத்து சீட்டில் நடந்தது எனக்குத் தெரியாமல் இவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் அந்த வருடத்தைக் கணக்குப் பண்ணிக் குறித்துக்கொண்டார்.

பிறகு எங்கள் மூவருக்கும் பொதுவாகச் சொன்னார். நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிலக்கு இல்லை, வந்து பார்த்துவிட வேண்டும். காரணம் பல உண்டு. வயதானால் உள்ளே தோல் காய்ந்து மெலிந்துபோகும், அது உராய்ந்தும் ரத்தம் வரும். கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ சின்னதாகச் சதை வளர்ந்திருக்கலாம். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துப் போயிருக்கலாம். சில மாத்திரைகளால் வரும், புண்ணால் வரும். சிலருக்குக் கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ புற்றுநோய் ஆரம்பித்திருக்கும். வருகிற பெண்களில் பெரும்பாலோருக்குச் சின்ன விசயம்தான். ஆனால் யாருக்குச் சின்னது, யாருக்குப் பெரியது என்று வெளியிலிருந்து சொல்ல எனக்கும் தெரியாது, வயது திரும்புகிறது என்று சொல்கிறவர்களுக்கும் தெரியாது என்றார். ஸ்கேன் எடுத்ததில் உள்தோல் தடித்திருந்தது. அதில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நான் சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. டிவி ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில், செத்த நேரம் மேலே போயிட்டு வாறேன் என்று எழுந்துவிடுவாள். எதிர்மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் வராது. அவர்கள் சேர்ந்து பயப்படுகிறார்கள், நான் தனியாகப் பயப்படுகிறேன் என்று தோன்றும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. பாக்கியம் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "ஒங்ககிட்ட என்னன்னு ஆரம்பிக்க?" என்றாள். "நம்ம புள்ள பெரியவளான அன்னைக்கே நீங்க சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய கெளம்புன ஆளுதானே."

முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார். பாக்கியம் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயில்பட்டிக்காரி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். எம்புட்டு ஆழம் போயிருக்கு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதுமா, கதிர்வீச்சுக்குக் கரண்டு வைக்க வேண்டியிருக்குமா, முடி கொட்டுமா, எத்தனை நாள் குனியக்கூடாது, திரும்ப வருமா, மைனி புளிக்குழம்பு சாப்பிடலாமா. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். புருசன் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்ட எல்லாமே நான் கேட்க நினைத்ததுதான், அல்லது நினைத்திருக்க வேண்டியது. ஒன்றையாவது எனக்கு விட்டுவைக்க மாட்டாளா என்று இருந்தது.

ஆபரேசன் மதுரையில். மகள் சென்னையில் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். கூட வந்தது தாயில்பட்டிக்காரி. மாவு வியாபாரத்தை நிறுத்திப் படிவாசலில் பெரிய எழுத்தில் 'லீவு' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தாள். ஆபரேசன் முடிந்து உள்ளே ஒரு ஆள் மட்டும் வரலாம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது நான் எழுந்தேன். பெண்கள் வார்டு, லேடீஸ் யாராவது வாங்க என்றாள் நர்ஸ். தாயில்பட்டிக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நான் எழுந்தவன் எழுந்தபடியே நின்றிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். "முழிச்சிட்டாக அண்ணாச்சி. மொதல்ல ஒங்களத்தான் கேட்டாக" என்றாள்.

ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். கண்ணீர் வந்தது. அவள் பார்க்காத மாதிரி டீ வாங்கிவரப் போய்விட்டாள். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோய் உள்தோலைத் தாண்டவில்லை, கரண்டு தேவையில்லை, வந்து வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். பாக்கியம் தேறினாள். வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தானாகவே அந்த நாளைப் பற்றிச் சொன்னாள். மயக்கம் தெளிந்தபோது எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லையாம். நைட்டி முழங்காலுக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் தாயில்பட்டிக்காரியிடம் கேட்டாளாம். அவள் இழுத்துவிட்டு, இருக்கிறது என்று சொன்னதும் திரும்பத் தூங்கிவிட்டாளாம். வேறு ஒன்றும் பேசவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் தாயில்பட்டிக்காரியின் புருசனுக்குப் பல்லடம் பக்கம் மில் வேன் ஓட்டும் வேலை கிடைத்து அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பாக்கியம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு, இதைச் சொல்வதில் என்ன, லேசாக நிம்மதி. அது நிலைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. பாக்கியம் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பேன். முன்னால் தெருவைத் தாண்டி வந்த சிரிப்பு இப்போது என் வீட்டு மாடியிலிருந்தே இறங்கி வந்தது.

போன பங்குனியில் பாக்கியம் தன் அக்காவோடு விருதுநகர் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தாள். போனை அலமாரியிலேயே மறந்து வைத்துவிட்டாள். மத்தியானம் அது அடித்தது. எடுத்தேன். தாயில்பட்டிக்காரி. மைனி இல்லை என்றேன். அவள் விடவில்லை. மைனி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா, டாக்டரிடம் காட்டினீர்களா, உங்களுக்குச் சர்க்கரை எம்புட்டு இருக்கு, காலில் புண் ஆறியதா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் பேச ஒன்றுமில்லாமல், போனை நானாக வைத்தால் நன்றாக இருக்காதே என்று, "நீ எப்படிம்மா இருக்க?" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"அண்ணாச்சி, எனக்கும் படுது" என்றாள்.

தை மாதத்திலிருந்தாம். நின்று சில வருடம் ஆகிவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை, புருசனிடம்கூட. பாக்கியத்தை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவள் நீ, இப்படி இருக்கலாமா என்று கேட்டேன்.

"அதான் அண்ணாச்சி. அங்கன என்ன சொல்வாகன்னு நான் பாத்துட்டேன்ல. பயமா இருக்கு."

எனக்கு அன்றைக்கு எப்படிப் பேச வந்ததோ தெரியவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தோல் மெலிந்து போனாலும் படும், சதை வளர்ந்திருந்தாலும் படும், நிறையப் பேருக்குச் சின்ன விசயம்தான், பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, நாளைக்கே பஸ் ஏறு என்று சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். மைனியிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்றாள்.

சாயங்காலம் பாக்கியம் வரும்வரை அதை நான் மட்டும் வைத்திருந்தேன். தாயில்பட்டிக்காரிக்காகப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அரை நாள் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பதும் உண்மை. என் மனைவிக்குத் தெரியாத ஒன்று, அவள் சிநேகிதியைப் பற்றி, எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு, உள்ளே கூடப்போக ஒரு பெண் வேண்டுமே என்பதால் சொன்னேன். பாக்கியம் கோயில் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகூட என்னிடம் பேசினாளே என்றாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றாமல் போய்விட்டாள்.

தாயில்பட்டிக்காரி வந்தாள். அதே டாக்டர். பாக்கியம் அவள் கையை விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. அதை எடுத்து, சோதனைக்கும் அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. இனிமேல் பட்டால் மறுபடியும் வர வேண்டும் என்று மட்டும் டாக்டர் சொன்னார். அந்த நாட்களில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் போனால் பேச்சு நிற்கும்.

விருதுநகர் வரை போய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். சிவகாசி பஸ்ஸில் பாக்கியம் ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஊரைத் தாண்டியதும் கேட்டாள்.

"அன்னைக்கு அவகிட்ட என்ன கேட்டீக, அவ சொல்றதுக்கு?"

"ஒண்ணுங் கேக்கல. எப்படி இருக்கேன்னு கேட்டேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

பஸ் திருத்தங்கல் வந்து நின்றது. பிறகு வெளியே பார்த்தபடியே, "இத்தன வருசத்துல நான் அதக் கேட்டதே இல்லியே" என்றாள்.